ஆறரைக் கட்டை

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு சர்க்கரையில் ஆரம்பித்து முட்டி வலிக்கு இறங்கி, கடைசியில் அந்தக் காலத்து மழையில் வந்து நிற்கும். "அப்பல்லாம் ஐப்பசின்னா ஐப்பசி" என்று யாராவது ஒருவர் பெருமூச்சு விடுவார். நானும் விட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் அந்தப் பேச்சு வந்தால் காபி போடுகிற சாக்கில் எழுந்து போய்விடுகிறேன். எங்கள் வீட்டுக்கு ஓர் ஐப்பசி வந்தது. தை வரைக்கும் இருந்து, அக்காவின் குரலை எடுத்துக்கொண்டு போனது. உங்களிடம் சொன்னால் பாரம் கொஞ்சம் குறையுமா என்று பார்க்கிறேன். குறையாது என்றுதான் தோன்றுகிறது.

அப்போது ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகிற சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு அரசாங்க ஆபீசில் வேலை. எனக்குப் பத்து வயது இருக்கும். அக்கா காலேஜில் சேர்ந்த வருஷம். சித்தப்பா மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், எடமலைப்பட்டி புதூரில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். அந்த வருஷ மழைக்கு அவருடைய அறை ஒழுக ஆரம்பித்தது. அதனால்தான் அவர் ஆசை ஆசையாகச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த டிஜிட்டல் பியானோ எங்கள் வீட்டுக்கு வந்தது. மழையிலும் மார்கழியிலும் கச்சேரி கிடையாது, தையில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

பியானோ என்றதும் சினிமாவில் வருவதுபோல மூடி திறக்கிற பெரிய சாமானை எதிர்பார்த்துச் சந்து முழுக்கக் காத்திருந்தது. டெம்போவிலிருந்து இறங்கியதோ நீளமான கறுப்புப் பலகை. தார்ப்பாயை விலக்கினால் அட்டைப்பெட்டி, அதற்குள் தெர்மோகோல், அதற்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் அது. புது ரப்பரும் புது காகிதமும் கலந்த ஒரு வாசனை அடித்தது. அந்த வாசனை இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. பாலக்கரையில் வெல்டிங் வைத்த பெருக்கல் குறி போன்ற இரும்பு ஸ்டாண்டை விரித்து, அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வைத்தார்கள். அம்மா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இஸ்திரி போட வசதியா இருக்கும்" என்றாள்.

சித்தப்பா ஒயரைச் சொருகி ஸ்விட்சைப் போட்டார். சின்னச் சின்ன விளக்குகள் எரிந்தன. கட்டையை அழுத்தினார். டொக் டொக்கென்று பிளாஸ்டிக் சத்தம் மட்டும் வந்தது. ஜன்னலில் நின்ற பக்கத்து வீட்டு மாமி சிரித்துவிட்டாள்.

"இதுக்கு ஸ்பீக்கர் கிடையாது அண்ணி. மேடைக்குன்னே செஞ்சது. மேடையிலதான் பெரிய ஸ்பீக்கர் இருக்குமே."

"வாயே இல்லாத ஒண்ணையா கடல் தாண்டி வரவழைச்சீங்க?" என்றாள் அம்மா.

மறுநாள் குழுவின் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைச் சைக்கிளில் கட்டி எடுத்து வந்தார். அதற்கப்புறம் அது பேசியது. பேசியது என்று சாதாரணமாகச் சொல்கிறேன், முதல் ஸ்வரம் வந்ததும் அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கூடத்து எவர்சில்வர் டம்ளர்கள் லேசாக அதிர்ந்தன.

சித்தப்பா இயக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஸ்டெபிலைசர், அது நிலைக்கு வந்தபின் பியானோ, கடைசியில்தான் ஆம்ப்ளிஃபையர். அணைக்கும்போது தலைகீழாக, ஆம்ப்ளிஃபையர் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கரில் 'டம்' என்று ஓர் அடி விழும், ஒருநாள் கிழிந்தே போகும். அப்பா இதைப் பெருமாள் காரியம் மாதிரி கடைப்பிடித்தார். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வருவார். வாசித்து முடித்ததும் அம்மாவின் பழைய வாயில் துணிப் புடவையைப் போர்த்திவிடுவார்.

அப்பா ஹார்மோனியம் வாசிப்பார். யாரிடமும் கற்றுக்கொள்ளாமல் தானாகப் பழகியவர், மார்கழி பஜனைக் கோஷ்டிக்கு அவர்தான் ஆஸ்தான வித்வான். தானாகப் பழகியதில் ஒரு குறை இருந்தது. அவருடைய விரல்கள் ஒரு கட்டை சுருதியை, அந்த ஒரே வெள்ளைக் கட்டையை, ஸட்ஜமாக வைத்துத்தான் ஓடும். வேறு இடத்தில் ஆரம்பித்தால் தடுமாறும். அக்காவின் சுருதி அஞ்சரைக் கட்டை. அது கறுப்புக் கட்டையில் ஆரம்பிக்கும். அக்காவுக்கு வாசிக்க உட்கார்ந்தால் அப்பா நெற்றியைச் சுருக்கி, ஒவ்வொரு கட்டையாகத் தேடுவார். அவள் ராகத்தில் எங்கோ போய்விட்டு இவருக்காகத் திரும்பி வந்து நிற்பாள்.

இதைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா, "அண்ணே, எதுக்குக் கஷ்டப்படறீங்க? இதுல டிரான்ஸ்போஸுன்னு ஒரு பட்டன் இருக்கு. ஒரு தடவை அமுக்கினா அரைக் கட்டை இறங்கும். ஒண்ணுக்குக் கீழே ஏழு, ஆறரை, ஆறு, அஞ்சரைன்னு நாலு தடவை அமுக்கிட்டேன். நீங்க பாட்டுக்கு உங்க ஒரு கட்டையிலயே கையை வைங்க, அஞ்சரையில பேசும்" என்றார்.

அப்பா வைத்துப் பார்த்தார். அஞ்சரையில் பேசியது. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "டேய், இது என்னடா அதிசயம்!" என்றார். பட்டனுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. சுருதி மாற்றப்பட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம், எவ்வளவு என்று அது சொல்லாது. "அணைச்சாலும் மறக்காது. உள்ள பேட்டரி இருக்கு, வச்சது வச்ச இடத்துலயே நிக்கும்" என்று சித்தப்பா பெருமையாகச் சொன்னார்.

அந்த ஐப்பசி முழுக்க எங்கள் வீட்டில் சந்தோஷம் என்றால் சந்தோஷம். வெளியே மழை கொட்டும், மின்சாரம் மங்கும், ஸ்டெபிலைசர் 'டிக் டிக்' என்று தவிக்கும். அப்பா ஆபீசிலிருந்து நனைந்துகொண்டே வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே பியானோ முன்னால் உட்காருவார். தை மாதத்தில் வானொலியில் குரல் தேர்வு இருந்தது. அக்கா விண்ணப்பம் போட்டிருந்தாள். அவளுக்கு அது வெறும் பாட்டு இல்லை. தேர்வானால் மேலே சங்கீதம் படிக்க வைப்பதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். இல்லாவிட்டால் டிகிரி, அதற்கப்புறம் கல்யாணம். அக்கா பாத்திரம் தேய்க்கும்போதும் பாடுவாள், எனக்குப் பின்னல் போடும்போதும் பாடுவாள். மேல் ஸ்தாயியில் போய் நின்றால் என் தலைமுடியை இழுத்துப் பிடித்தபடியே நிற்பாள், எனக்கு வலிக்கும்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் சித்தப்பா குழுவின் பாடகர் ஒருவரைக் கூட்டிவந்து, ஒரு கல்யாணக் கச்சேரிக்கு எங்கள் வீட்டிலேயே ரிகர்சல் பார்த்தார். அப்பா ஆபீசில் இருந்தார். அம்மா கேசரி செய்து கொடுத்தாள். அந்தப் பாடகரின் குரலுக்காகச் சித்தப்பா டிரான்ஸ்போஸை இரண்டு படி ஏற்றினார். போகும்போது திரும்ப இறக்கி வைக்கவில்லை. இது எனக்குப் போன வருஷம்தான் தெரியவந்தது. மழையால் அந்தக் கச்சேரி நடக்கவில்லை. சித்தப்பா வேறொரு குழுவோடு மலேசியா போய்விட்டார். சிவப்பு விளக்கு எப்போதும்போல எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வழக்கமான இடத்தில் விரலை வைத்தார். அக்கா பாடினாள். பல்லவியிலேயே முகம் மாறியது. மேலே போகும்போது குரல் கீறியது. "என்னம்மா, சளியா?" என்றார் அப்பா. இருக்கும் என்றாள்.

மறுநாளும் கீறியது. மிளகுப் பால் வந்தது, அதிமதுரம் வந்தது. தயிர் போனது. ஜன்னலோரம் நிற்கக்கூடாது, தலைக்குக் குளிக்கக்கூடாது. கடைசியில் பேசவே கூடாது என்று உத்தரவு. அக்கா என்னோடு கிள்ளியே பேசினாள். ஒரு கிள்ளு என்றால் தண்ணீர், இரண்டு என்றால் வெளியே போ. நான் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவளே சொன்னாள். "அப்பா, சுருதி மேல இருக்குப்பா. எடுக்கிற இடமே மேல இருக்கு."

"அஞ்சரைதானேம்மா உன் சுருதி? இதோ பாரு, நான் கை வச்சிருக்கிற இடம் மாறியிருக்கா?"

"இல்லை. ஆனா..."

"வீணைன்னா கம்பி தளரும், தம்புரான்னா மழைக்கு ஊறும். இதுல என்ன இருக்கு ஊறறதுக்கு? மெஷின்மா. மனுஷக் குரல்தான் மாறும்."

வாத்தியத்தோடு புழங்கியவர்களுக்குத்தான் இந்தத் தப்பு வரும் என்று இப்போது நினைக்கிறேன். பஜனைக் கோஷ்டியின் தம்புராக் கம்பியையும் மிருதங்கத் தோலையும் நம்பாமல் வருஷக்கணக்கில் திருகித் திருகிச் சேர்த்தவர், மாறவே மாறாத ஒன்று கிடைத்ததும் அதன் காலில் விழுந்துவிட்டார். ஒத்துப் பார்க்க வீட்டில் வேறு எதுவும் இல்லை. ஹார்மோனியமும் சுருதிப் பெட்டியும் மார்கழிக்காகக் கார்த்திகையிலேயே பஜனைக் கோஷ்டியிடம் போய்விட்டன, தை பிறந்தும் திரும்பவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் விளக்கடித்துப் பார்த்து, தொண்டை சுத்தமாக இருக்கிறது என்றார். "அவருக்குச் சுருதி தெரியுமா?" என்று வெளியே வந்ததும் அப்பா கேட்டார்.

அக்கா நம்பிவிட்டாள். எனக்கு இதுதான் தாங்கவில்லை. மேலே இருக்கிறது என்று அவள் காது சரியாகச் சொல்லியிருக்கிறது. கொஞ்ச நாளில் அவள் அந்தக் காதையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். பாத்திரம் தேய்க்கும்போது பாடுவது நின்றது. குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்பாவைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். வாலிபத்தில் அவரும் இதே குரல் தேர்வுக்குப் போனவர். இரண்டு வரி பாடுவதற்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "போதும்" என்று சொல்லிவிட்டார்கள். கூடப் போன சிநேகிதர்கள் வருஷக்கணக்கில் அவரை அந்த வார்த்தையாலேயே கூப்பிட்டார்கள். சந்தில் அவர் நடந்து வந்தால் ஒருவன் "போதும்" என்பான், இன்னொருவன் சிரிப்பான். மகளுக்கு அது வேண்டாம் என்று நினைத்தார். அவ்வளவுதான் அவர் நினைத்தது.

பொங்கல் கழிந்து, தேர்வுக்குக் கொஞ்ச நாள் இருந்தது. அக்கா பாடினாள். மேல் ஸ்தாயியில் குரல் உடைந்து காற்றாக வந்தது. அப்பா எழுந்து ஆம்ப்ளிஃபையரை முதலில் அணைத்தார். பிறகு பியானோவை அணைத்தார். புடவையைப் போர்த்தினார்.

"வேண்டாம்மா" என்றார்.

"ஒரு தடவை போயிட்டு வரேன்பா. போனாத்தானே தெரியும்."

"தெரிஞ்சதுக்கு அப்புறம் எப்படித் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வருவே? நான் வந்தவன். எனக்குத் தெரியும்."

அம்மா அடுக்களையிலிருந்து, "போயிட்டுத்தான் வரட்டுமேங்க" என்றாள். அப்பா ஸ்டெபிலைசரையும் அணைத்துவிட்டு வாசலுக்குப் போனார். தேர்வு நாளன்று அக்கா காலேஜுக்குப் பஸ் ஏறிப் போனாள், சாயங்காலம் பஸ் ஏறித் திரும்பி வந்தாள். அன்றைக்குச் சாப்பாட்டில் தயிர் இருந்தது.

சித்தப்பா மலேசியாவிலிருந்து வந்து பியானோவை எடுத்துப் போனார். "எங்கே நம்ம பாட்டுக்காரி?" என்று கூடத்திலிருந்தே கத்தினார். அம்மா கண்ணைக் காட்டினாள். ஏதோ குடும்ப விஷயம் என்று அவரும் அடங்கிவிட்டார். ஸ்டாண்டு நின்ற இடத்தில் தரையில் நாலு தேய்ந்த தடங்கள் இருந்தன, அம்மா அங்கே பீரோவை நகர்த்தி வைத்தாள்.

அக்காவை ஜீயபுரத்தில் கொடுத்தோம். வாழைத் தோட்டம், நெல் வயல், தங்கமான மனிதர்கள். கல்யாணமான புதிதில் அத்தான் ஒரு பாட்டுப் பாடச் சொல்லியிருக்கிறார். "எனக்குப் பாட வராதுங்க" என்றிருக்கிறாள். தன் பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போதுகூட அவள் ஒன்றும் பாடவில்லை. கயிறு கிறீச்சிடும் சத்தத்திலேயே அதுகள் தூங்கின.

சித்தப்பாவிடம் ஒரு கதை உண்டு. எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் பந்தி முடிந்ததும் அவரைச் சுற்றி உட்கார்ந்து அதைச் சொல்லச் சொல்வோம். மலேசியாவிலிருந்து வந்ததும் முதல் கச்சேரி. டிரான்ஸ்போஸ் எங்கேயோ இருந்திருக்கிறது, அவர் பார்க்கவில்லை. பாடகர் எடுத்தால் குரல் எட்டவே இல்லை. பாதிப் பாட்டில் மைக்கிலேயே, "யோவ், என்னை எங்கேய்யா கூட்டிட்டுப் போறே?" என்று கத்திவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். நாங்களும் ஒவ்வொரு தடவையும் விழுந்து விழுந்து சிரிப்போம். அப்பாவும் சிரிப்பார், வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அக்கா மட்டும் இலை எடுக்கிற வேலை இருப்பதாகப் போய்விடுவாள்.

போன வருஷம் என் மகள் ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கினாள். நாங்கள் இப்போது ஆற்றைத் தாண்டிக் கே.கே. நகரில் இருக்கிறோம், அப்பா எங்களோடுதான். மகள் ஏதோ பாடிக்கொண்டே ஒரு பட்டனை அமுக்கினாள். என்னடி அது என்று கேட்டேன்.

"டிரான்ஸ்போஸ்மா. எனக்கு மேல எட்டலை. ரெண்டு இறக்கினேன்."

எட்டவில்லை என்றால் இறக்க வேண்டியதுதான். அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். நான் அடுப்பில் எதையோ வைத்திருந்தேன், அது தீய்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.

மறுநாள் எடமலைப்பட்டி புதூருக்குப் பஸ் ஏறினேன். சித்தப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, பேச்சு மங்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லச் சொன்னேன். உற்சாகமாக ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்டேன். "டிரான்ஸ்போஸ் எங்கே இருந்துச்சு சித்தப்பா?"

"அண்ணன் கைக்காக நாலு இறக்கி வச்சிருந்தேன்ல? கச்சேரியில நாலு ஏத்தினா நேராயிடும்னு அமுக்கினேன். ஆனா கார்த்திகையில உங்க வீட்டு ரிகர்சலுக்கே நான் ரெண்டு ஏத்திட்டேன், அது ஞாபகமே இல்லை. விளக்கு அணையாம எரியுது, மேடையில எல்லாமே சிவப்பு விளக்கு, எதைன்னு பார்க்கிறது?" சிரித்தார். பிறகு, "ஏன் கேக்கறே?" என்றார்.

"சும்மாதான்" என்றேன். அவரிடம் சொல்ல மனசு வரவில்லை.

அங்கிருந்து நேராக ஜீயபுரம் போனேன். அக்கா முற்றத்தில் வாழையிலைகளை நறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"அப்ப நான் ஆறரையில பாடியிருக்கேன்."

"ஆமாக்கா."

"ஆறரையில எந்தப் பொம்பளைடி பாடுவா? அதுலயும் உச்சியில ஒரு இடம்தான் உடைஞ்சுது." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் வேறு ஏதோ ஆகிவிட்டது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அறுபதை நோக்கிப் போகிற இரண்டு பெண்கள், வாழையிலைக் கட்டுக்கு இரண்டு பக்கமும். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது. இந்த வயசுல அவர்கிட்ட எதுக்குக்கா?"

"சொல்லு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவருக்கும் தெரியட்டும்."

சொன்னேன். அப்பாவுக்குக் காது மிஷின் போட்டும் பாதிதான் கேட்கும், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டுப் போர்வையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் கை வச்ச இடம் சரிதானே?" என்றார். சரிதான்பா என்றேன். காபியைத் தொடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில், "அவளை வரச் சொல்லு" என்றார்.

அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்ததும் அப்பா, "ஒரு வரி பாடும்மா" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் மகளின் பியானோவைப் போட்டு, அஞ்சரைக்கு வைத்து, சுருதியை அழுத்திப் பிடித்தேன்.

"இறக்கு" என்றாள். இறக்கினேன். தொண்டையைச் செருமிப் பார்த்துவிட்டு, "இன்னும்" என்றாள். பிறகு இன்னொரு தடவை, "இன்னும்."

பாடினாள். அந்தத் தேர்வுக்காகத் தயார் செய்த பாட்டின் முதல் வரி. வார்த்தை ஒன்றும் மறக்கவில்லை. குரல்தான் இல்லை. பாதி காற்று, பாதி நடுக்கம், ஸட்ஜத்தில் வந்து சேர முடியாமல் கீழேயே நின்றது. இத்தனை வருஷம் திறக்காமல் விட்டதில் இந்தத் தடவை நிஜமாகவே போய்விட்டிருந்தது. அப்பா கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டபடி கேட்டார்.

"நல்லா சேர்ந்திருக்கும்மா" என்றார்.

சுருதி விஷயத்தில் அப்பா யாரையும் விட்டதில்லை. மேலதிகாரியின் மகள் கொலுவில் பாடியபோதுகூட முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தவர். இப்போது அவர் சொன்னது பொய் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பொய்யை அன்னிக்குச் சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள். "நான் போயிட்டு வந்திருப்பேன்."

அவருக்குக் கேட்கவில்லை. மிஷினைக் காதோடு அழுத்திக்கொண்டு, "என்னம்மா?" என்றார்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் காதருகே குனிந்து, சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக அதை மறுபடியும் சொன்னாள்.